கிராண்ட்ஆர்கனில் பாக்கின் கன்சர்ட்டோக்கள்: வேலூர்ச் சபைகளுக்குத் தேறுமா?

கத்திரி வெயிலில் வேலூரில் ஒரு பைப் ஆர்கனைச் சுருதி கலையாமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் குழலின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). காலை ஆராதனைக்கும் பிற்பகல் ஒத்திகைக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் 30 சென்ட். நாக்கு வைத்த குழல்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆகவே ஒரே ஆர்கனுக்குள்ளேயே இரண்டு சுருதி கேட்கும். வட ஆற்காட்டுச் சபைகளுக்குக் கம்ப்யூட்டர் ஆர்கன் பொருந்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

கிராண்ட்ஆர்கன் (GrandOrgue) காசில்லாமல் கிடைக்கும் திறந்த மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய ஆர்கன்களைக் குழல் குழலாக ஒலிப்பதிவு செய்த சாம்பிள் தொகுப்புகளை இதில் ஏற்றி, மிடி கீபோர்டில் (அழுத்தும் கட்டையைக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும் கீபோர்டு) வாசிக்கலாம். ஞாயிறு பாடல்களுக்கு எந்தத் தொகுப்பும் போதும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கன்சர்ட்டோக்கள் (தனி வாத்தியமும் வாத்தியக் கோஷ்டியும் மாறி மாறி இசைக்கும் படைப்புகள்) என்று வந்தால்தான் இதன் பலமும் பலவீனமும் வெளியே தெரியும்.

இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் மூன்றாம் ஓப்பஸ் (கன்சர்ட்டோத் தொகுப்பு) 1711-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. ஜெர்மனியின் வைமாரில் இருந்த பாக், 1713–14 வாக்கில் அதிலிருந்து இரண்டு கன்சர்ட்டோக்களை ஆர்கனுக்கு மாற்றினார்: எட்டாவது பி.டபிள்யூ.வி. (பாக் படைப்புகளின் பட்டியல் எண்) 593 ஆனது, பதினொன்றாவது 596. வயலின் கோஷ்டி முழுவதும் ஒரு கீபோர்டில், தனி வயலின் இன்னொன்றில். ஆகவே இரண்டு மானுவல் (கையால் வாசிக்கும் கட்டை வரிசை) இல்லாமல் இவை நடக்காது. 596-இன் தொடக்கம் இதற்கு நல்ல சோதனை. மூலத்தில் இரண்டு வயலின்கள் எட்டும் உச்ச டி சுரம் அன்றைய ஆர்கனின் கடைசிக் கட்டையான சி-யைத் தாண்டியது. பாக் அந்த வரிகளை ஒரு ஸ்தாயி கீழே எழுதி, இரண்டு மானுவலிலும் 4 அடி ஆக்டேவ் ஸ்டாப்பை மட்டும் போடச் சொன்னார் (ஸ்டாப் என்பது ஒரே வகைக் குழல்களின் வரிசை; அடி என்பது அதன் நீளமான குழலின் அளவு; எழுதிய சுரத்திலேயே ஒலிப்பது 8 அடி). 4 அடி ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பதால் கணக்குச் சரியாகிவிடும். இதைக் கவனிக்காமல் 8 அடி ஸ்டாப்பைச் சேர்த்து வாசித்தால் வயலின்கள் தாழ்ந்த குரல் வயோலா ஆகிவிடும். (இந்தக் கையெழுத்துப் படியில் மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமான் தன் பெயரைப் போட்டுக்கொண்டதால் 1911 வரை இது அவருடைய இசை என்றே நம்பப்பட்டது!)

தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்டாப் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 15 ஸ்டாப் உள்ள நல்ல இரண்டு மானுவல் ஆர்கன், 60 ஸ்டாப் உள்ள தவறான ஆர்கனைவிட மேல். முதலில் கட்டைகளைப் பாருங்கள். பொஹீமிய, ஆஸ்திரிய கிராமத்து ஆர்கன்கள் பலவற்றில் அடி ஸ்தாயியில் சில கருப்புக் கட்டைகளுக்குக் குழலே இருக்காது, காலால் வாசிக்கும் பெடலும் பாதியில் நின்றுவிடும். கேட்க அருமை, 593-க்கு உதவாது. அடுத்தது சுருதிப் பங்கீடு, அதாவது ஒரு ஸ்தாயிக்குள் சுரங்களுக்கு இடையே வைக்கும் இடைவெளி. மீன்டோன் என்ற பழைய முறையில் ஈ ஃப்ளாட் உண்டு, டி ஷார்ப் கிடையாது. 593-இன் ஏ மைனரிலிருந்து இசை ஈ மைனர் பக்கம் திரும்பி டி ஷார்ப் வந்த உடனே காது கூசும். கிராண்ட்ஆர்கனின் மெனுவில் டி ஷார்ப்பும் தேறும் வெர்க்மைஸ்டர் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். வட ஜெர்மன் ஆர்கன்கள் பல இன்றைய சுருதியைவிட ஏறக்குறைய அரைச் சுரம் மேலே நிற்கும். சபையின் வயலின்காரரோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் டிரான்ஸ்போஸை (சுருதியை அரை அரைச் சுரமாக மாற்றும் வசதி) ஒன்று இறக்குங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் ரிலீஸ். கட்டையை விட்டதும் ஒலிக்கும் எதிரொலி வாலும் தனிப் பதிவுதான். நீளமாக அழுத்திய சுரத்தின் வால் மட்டும் பதிவாகியிருந்தால், விவால்டியின் வேகமான ஒரே சுர அடுக்குகளில் ஒவ்வொரு சிறு தட்டலுக்குப் பின்னும் முழு ஆலயமும் முழங்கும். சுரங்கள் குழைந்து சேறாகிவிடும். குட்டை, நடுத்தரம், நீளம் என மூன்று ரிலீஸ் உள்ள தொகுப்பையே எடுங்கள்.

கம்ப்யூட்டர் திணறுவதும் இங்கேதான். நிமிடத்துக்கு 100 பீட், பீட்டுக்கு 4 சுரம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 7 சுரம். 5 ஸ்டாப் போட்டிருந்தால் நொடிக்கு 35 குழல். எதிரொலி 3 நொடி நீடித்தால் ஒரு கைக்கு மட்டும் 100-க்கு மேற்பட்ட வால்கள் ஒரே நேரத்தில் ஓடும். பாலிஃபனி வரம்பை (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய பதிவுகளின் எண்ணிக்கை) குறைவாக வைத்தால் வால்கள் நடுவில் அறுந்து விழும். ராம் போதாவிட்டால் 16 பிட்டில் ஏற்றுங்கள். கம்ப்ரெஷனைப் போட்டால் இடம் மிச்சம், ஆனால் பிராசஸருக்குச் சுமை. கேஷ் (தொகுப்பைச் சீக்கிரம் ஏற்றுவதற்கான கோப்பு) உருவாக்கி வைப்பது கட்டாயம். ஆராதனை நடுவில் கரண்ட் போய் வந்தால், கேஷ் இல்லாத பெரிய தொகுப்பு மறுபடி ஏறச் சில நிமிடம் பிடிக்கும். யூபிஎஸ் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

விண்டோஸின் சாதாரண ஆடியோ வழியாக வாசித்தால் கட்டைக்கும் ஒலிக்கும் நடுவே தாமதம் தெரியும். ஏசியோ (தாமதம் குறைக்கும்) டிரைவருள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் 256 சாம்பிள் பஃபர் (ஒலியைச் சேர்த்து அனுப்பும் இடைச் சேமிப்பு), 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஒரு பஃபருக்கு 5 மில்லி நொடி சொச்சம்தான். படபட என்று சத்தம் வந்தால் 512-க்கு ஏற்றுங்கள்.

சபையில் ஏற்கெனவே இருக்கும் 61 கட்டை கீபோர்டு ஒரு மானுவலாகப் பயன்படும். கீபோர்டின் சொந்த ஒலியை எழுப்பும் லோக்கல் கன்ட்ரோலை அணைக்காவிட்டால் ஆர்கனோடு பியானோவும் சேர்ந்து கேட்கும். இரண்டாவதை அதற்கு மேலே சற்றுப் பின்தள்ளி வையுங்கள். பெடல்தான் பெரிய தலைவலி. 13 கட்டை பாஸ் பெடல் வாங்குவது வீண் செலவு. 593-இன் கடைசிப் பகுதியில் இரண்டு கால்களுக்கும் தனித்தனி வரி வருகிறது. 30 கட்டைப் பெடல்போர்டு வேண்டும். நல்ல ஆசாரி மரவேலையை முடித்துக் கொடுத்தால், கட்டைக்கு ஒரு காந்தமும் ரீட் ஸ்விட்சும் (காந்தம் நெருங்கினால் இணையும் ஸ்விட்ச்) வைத்து மிடி போர்டோடு இணைக்கலாம். உலோகத் தொடுமுனைகளைத் தவிருங்கள். தூசி படிந்தால் சுரம் விட்டு விட்டு வரும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் கிராண்ட்ஆர்கனைக் குறை சொல்லிப் பயனில்லை. 596-இல் பாக் 32 அடி சப்பாஸ் ஸ்டாப்பைப் பெடலில் சேர்க்கச் சொல்லும் இடம் உண்டு. அதன் அடி சுரம் 16 ஹெர்ட்ஸ். 16 அடி ஸ்டாப்பின் அடி சுரமே 33 ஹெர்ட்ஸ். பிரசங்கத்துக்கு வைத்த தூண் வடிவ ஸ்பீக்கர் இதைத் தொடாது; சப்வூஃபர் இல்லாமல் பெடல் வரி காணாமல் போகும். கான்கிரீட் கூரை போட்ட ஆலயம் தானே எதிரொலிக்கும் என்பதால் எதிரொலி கலந்த தொகுப்பை அங்கே ஒலிக்க விட்டால் இரட்டை முழக்கம். ரிலீஸ் வாலின் நீளத்தைக் குறைக்கும் வசதியை அங்கே பயன்படுத்துங்கள். ஹெட்ஃபோனில் கேட்கும்போது முழுதாக விடுங்கள்.

குறைகளும் உண்டு. நிஜ ஆர்கனில் எல்லா ஸ்டாப்பும் சேர்ந்து முழங்கும்போது காற்றழுத்தம் லேசாகத் தளரும், அதுவும் ஓர் அழகு. இங்கே எல்லாம் அசையாமல் நிற்கும். ஹாப்ட்வெர்க் என்ற கட்டண ஆர்கன் மென்பொருளுக்காகப் பூட்டி விற்கும் தொகுப்புகள் இதில் திறக்காது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். திரையின் அமைப்பு பழைய பாணி. மிடி இணைப்பு மட்டும் சுலபம்: திரையில் மானுவலை ரைட் கிளிக் செய்து, மிடியைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, கட்டையை அழுத்தினால் போதும்.

பெடல்போர்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 593-இன் நடுப்பகுதிக்குப் பெடலே கிடையாது, இரண்டு மானுவல் போதும். ஒன்றில் 8 அடி பிரின்சிபல், மற்றதில் 8 அடி ஃப்ளூட். விவால்டியின் அதே ஓப்பஸின் ஒன்பதாவது கன்சர்ட்டோவை பாக் ஹார்ப்சிகார்டுக்கு மாற்றிய பி.டபிள்யூ.வி. 972-ஐயும் கைகளாலேயே வாசித்துவிடலாம்.