டொராண்டோ, லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ்: 2019-ல் கவாய் லெனர்ட் எங்கே போயிருக்க வேண்டும்?

2019 ஜூன் 30 மாலை, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஃப்ரீ ஏஜென்ட் சந்தை, அதாவது ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அணி தேடும் சந்தை, திறந்தது. கெவின் டுரான்ட்டும் கைரி இர்விங்கும் புரூக்ளினுக்கு, கெம்பா வாக்கர் பாஸ்டனுக்கு, ஜிம்மி பட்லர் மயாமிக்கு என்று அன்றிரவே பெரிய பெயர்களெல்லாம் முடிவாகிவிட்டன. ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பதினேழு நாட்களுக்கு முன்புதான் டொராண்டோ ராப்டர்ஸுக்கு அதன் வரலாற்றின் முதல் கோப்பையை வென்று கொடுத்து, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதையும் வாங்கியிருந்த கவாய் லெனர்ட்.

அடுத்த சில நாட்கள் டொராண்டோவில் நடந்ததை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஜூலை 3 அன்று அவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று செய்தி பரவியதும், விமான நிலையத்திலிருந்து கிளம்பிய கறுப்பு காரை ஒரு டிவி சேனலின் ஹெலிகாப்டர் வானத்திலிருந்து பின்தொடர்ந்து நேரலையில் காட்டியது. நகரத்தின் உணவகங்கள் பல அவருக்கு ஆயுள் முழுக்க இலவசச் சாப்பாடு என்று ஜன்னலில் ஸ்டிக்கர் ஒட்டின. தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவிலும் அதுவரை கிரிக்கெட் ஸ்கோர் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கவாய் இருப்பாரா, போவாரா என்று பேசினார்கள்.

ஐபிஎல் பார்த்துப் பழகிய நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஐபிஎல் ஏலத்தில் அணிதான் வீரரை எடுக்கிறது. அதிகத் தொகை கேட்ட அணிக்கு அவர் போய்த்தான் ஆகவேண்டும். என்பிஏவில் ஒப்பந்தம் முடிந்த வீரர் அணியைத் தேர்ந்தெடுக்கிறார். உச்ச சம்பளத்துக்கு விதிமுறையே ஒரு வரம்பு வைத்திருப்பதால், ஒரு பெரிய நட்சத்திரத்துக்கு எல்லா அணிகளும் கிட்டத்தட்ட ஒரே தொகையைத்தான் தர முடியும். ஆகவே கேள்வி பணத்தைத் தாண்டிய ஒன்றாகிறது. யாரோடு ஆடுவது, எந்த ஊரில் வாழ்வது, உடம்பை யாரிடம் ஒப்படைப்பது?

பணத்தைத் தாண்டியது என்று சொன்னதும் பலர் மறுப்பார்கள். டொராண்டோ ஐந்து ஆண்டுக்குச் சுமார் 19 கோடி டாலர் தர முடியும், மற்ற அணிகள் நான்கு ஆண்டுக்குச் சுமார் 14.1 கோடிதான் தர முடியும் என்று அப்போது எல்லாச் செய்தியிலும் வந்தது. ஏறக்குறைய ஐந்து கோடி டாலரை யாராவது விடுவார்களா? ஆனால் அந்தக் கணக்கு நீண்ட ஒப்பந்தம் போட்டால்தான் பொருந்தும். கவாய் 2011-ல் என்பிஏவுக்கு வந்தவர். பத்து ஆண்டு முடித்த வீரருக்கு அணியின் சம்பள உச்சவரம்பில் 35 சதவீதம் வரை கிடைக்கும். அவருடைய அனுபவத்துக்கு 2019-ல் கிடைத்தது 30 சதவீதம். அப்படியென்றால் 2021 வரைக்கும் குறுகிய ஒப்பந்தம் போட்டுவிட்டு, பிறகு பெரிய ஒப்பந்தத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். முதல் இரண்டு ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் டொராண்டோ தரக்கூடியதற்கும் லாஸ் ஏஞ்சல்ஸின் இரு அணிகளான லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ் தரக்கூடியதற்கும் வித்தியாசம் பத்து லட்சம் டாலர் அளவுதான். வரியும் பெரிய காரணமாக இருந்திருக்க முடியாது. ஒன்டாரியோவின் உச்ச வரி 53 சதவீதத்துக்குச் சற்று மேல், கலிஃபோர்னியாவில் மத்திய வரியும் மாநில வரியும் சேர்ந்து 50 சதவீதத்தைத் தாண்டும். ஆக, மூன்று அணிகளும் பணத்தில் ஒரே நிலையில் நின்றன என்று வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

முதலில் உடம்பு. இதைத்தான் பலரும் கடைசியாகப் பேசினார்கள். நான் இதைத்தான் முதலில் வைப்பேன். 2017-18 பருவத்தில் தன் முந்தைய அணியான சான் அன்டோனியோவுக்காக அவர் ஆடியது வெறும் 9 ஆட்டம். தொடைத் தசைக் காயம், அதற்கான சிகிச்சை பற்றி அணி மருத்துவர்களோடு கருத்து வேறுபாடு, கடைசியில் உறவே முறிந்து 2018 ஜூலையில் டிமார் டெரோசனைக் கொடுத்து டொராண்டோ அவரை வாங்கியது. அங்கே அலெக்ஸ் மெக்கெக்னி தலைமையிலான விளையாட்டு அறிவியல் குழு அவரை எப்போது ஆட வைப்பது, எப்போது உட்கார வைப்பது என்று அட்டவணை போட்டது. 82 ஆட்டங்களில் 60 மட்டுமே ஆடினார். இப்படி வீரரின் உடம்பைக் காக்க ஓய்வு கொடுப்பதற்கு லோட் மேனேஜ்மென்ட் என்று பெயர்; அந்தச் சொல் ரசிகர்கள் வாயில் புழங்கத் தொடங்கியதே ஏறக்குறைய அந்த ஆண்டில்தான். டிக்கெட் வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள், உண்மைதான். ஆனால் பிளேஆஃப் வந்தபோது அவரால் சராசரி 30 புள்ளிக்கு மேல் எடுக்க முடிந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் உட்கார்ந்திருந்த 22 ஆட்டங்களில் டொராண்டோ 17-ஐ வென்றது. தான் இல்லாவிட்டாலும் ஜெயிக்கிற அணியில்தான் ஒரு நட்சத்திரம் நிம்மதியாக ஓய்வெடுக்க முடியும். லேக்கர்ஸிலோ கிளிப்பர்ஸிலோ இது கிடைக்கும் என்று அன்றைக்கு யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது.

அந்த அணியின் குணம் எதுவென்று கேட்டால் மே 12 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தைக் காட்டுவேன். 90-90. மீதி 4.2 விநாடி. பந்தை வாங்கிய கவாய் வலது மூலை நோக்கி ஓடி, ஜோயல் எம்பீடின் நீண்ட கையைத் தாண்டி உயரமாக எறிகிறார். பந்து வளையத்தில் ஒருமுறை குதிக்கிறது, இரண்டு, மூன்று, நான்கு, பிறகு உள்ளே விழுகிறது. அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தது 41 புள்ளி. எல்லோரும் அந்த நான்கு குதிப்பைத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கடைசி வீச்சுக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது லவ்ரி, கசோல், இபாக்கா, சியாகம் போன்ற சக வீரர்களின் தடுப்பாட்டம். ஃபிலடெல்ஃபியாவை 90 புள்ளியில் நிறுத்திய கூட்டம் அது.

டொராண்டோவுக்குக் குறைகளும் இருந்தன. கைல் லவ்ரிக்கு வயது 33, மார்க் கசோலுக்கு 34. கோப்பை வென்ற இறுதிச் சுற்றில் எதிரணி கோல்டன் ஸ்டேட் காயங்களால் உடைந்து கிடந்தது. டுரான்ட் ஐந்தாவது ஆட்டத்தில் விழுந்தார், கிளே தாம்சன் ஆறாவதில் விழுந்தார். முழு பலத்தோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி நியாயமானது. அப்புறம் குளிர். தெற்கு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பக்கம் வளர்ந்து, சான் டியாகோவில் கல்லூரி படித்தவருக்கு டொராண்டோவின் ஜனவரி சும்மா இல்லை.

லேக்கர்ஸைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை, அவ்வளவு எளிமையான சலுகை அது. லெப்ரான் ஜேம்ஸ் ஏற்கெனவே இருந்தார். லான்சோ பால், பிராண்டன் இங்ரம், ஜாஷ் ஹார்ட், டிராஃப்டின் (புது வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் ஆண்டுத் தேர்வு) நான்காவது தேர்வுரிமை எல்லாவற்றையும் நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து ஆன்டனி டேவிஸையும் கொண்டுவந்துவிட்டார்கள். டேவிஸ் தனக்கு வரவேண்டிய 40 லட்சம் டாலர் போனஸையே விட்டுக்கொடுத்தார், மூன்றாவது நட்சத்திரத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக. கவாய் சேர்ந்திருந்தால் கோப்பைக்கு முதல் போட்டியாளர் அவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்று பேர் சம்பளம் போக மீதிப் பணத்தில் அணியின் மற்ற இடங்களைக் குறைந்தபட்சச் சம்பளக்காரர்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கும். முந்தைய பருவத்தில் அணி 37 வெற்றி, 45 தோல்வி. ஏப்ரலில் மேஜிக் ஜான்சன் நிர்வாகப் பொறுப்பை விட்டுத் திடீரென்று விலகியிருந்தார். கேமரா முன் இரண்டு வாக்கியம் பேசுவதையே பாரமாக நினைக்கிற ஒருவருக்கு, லெப்ரான் இருக்கும் அறையின் வெளிச்சம் ஒத்துப்போயிருக்குமா? 2014-ல் 22 வயதில் இதே லெப்ரானின் மயாமி அணியை வீழ்த்தி இறுதிச் சுற்றின் சிறந்த வீரரானவர் கவாய். லெப்ரானோடு சேர்வதைவிட அவரை எதிர்த்து ஆடுவதுதான் அவருக்குப் பிடித்தது என்று நான் நினைக்கிறேன்.

கிளிப்பர்ஸ் கதை வேறு. அதே நகரம், அதே ஸ்டேப்பிள்ஸ் சென்டர் அரங்கம், ஆனால் கோப்பை ஒன்றுகூட இல்லாத அணி. அதுவரை மேற்குப் பிரிவு இறுதிக்கே, அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுக்கு முந்தைய கட்டத்துக்கே, போனதில்லை. இருந்தாலும் 2018-19-ல் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமலே 48 ஆட்டம் வென்று, பிளேஆஃபில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 31 புள்ளி பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து ஒரு ஆட்டத்தைப் பிடித்தார்கள். பேட்ரிக் பெவர்லி, லூ வில்லியம்ஸ், மான்ட்ரெஸ் ஹாரெல் மூவரும் பிடித்த பிடியை விடாதவர்கள். மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் பால்மர் உரிமையாளர், டாக் ரிவர்ஸ் பயிற்சியாளர், ஆலோசகராக ஜெர்ரி வெஸ்ட். இவர்களோடு 20 வயது இளம் வீரர் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர்.

கவாய் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க விரும்பினார். கூடவே இன்னொரு நட்சத்திரம் வேண்டும் என்றார். அவர் கண் வைத்தது பால் ஜார்ஜ் மீது, அவரும் தெற்கு கலிஃபோர்னியாக்காரர். ஜார்ஜ் அப்போது ஓக்லஹோமா சிட்டியின் ஒப்பந்தத்தில் இருந்தார். விற்பனைக்கு இல்லாத பொருளைக் கேட்டால் விற்பவன் சொல்வதுதான் விலை. கில்ஜஸ் அலெக்சாண்டர், டனிலோ கலினாரி, முதல் சுற்றுத் தேர்வுரிமைகள் ஐந்து, அதற்கு மேல் இரண்டு ஆண்டுகளில் தேர்வுரிமையை மாற்றிக்கொள்ளும் உரிமை. அப்படி ஒரு விலையை அதுவரை யாரும் கண்டதில்லை.

ஜூலை 5 இரவு கலிஃபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்ட் பகுதியில் 7.1 அளவு நிலநடுக்கம். லாஸ் வேகாஸில் கோடை லீக் ஆட்டம் ஒன்று பாதியில் நின்றது, அரங்கின் கூரையில் ஸ்கோர்போர்டு ஆடியது. சில மணி நேரத்தில் செய்தி வந்தது: கவாய், ஜார்ஜ் இருவரும் கிளிப்பர்ஸுக்கு. டொராண்டோவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது.

இந்த மூன்றில் கிளிப்பர்ஸ்தான் மோசமான தேர்வு என்பது என் கருத்து. அடுத்து நடந்ததை வைத்து மட்டும் சொல்லவில்லை, ஆனால் நடந்ததையும் மறைக்க முடியாது. 2020-ல் டென்வருக்கு எதிராக 3-1 என்று முன்னிலை பெற்று, தொடரையே இழந்தார்கள். ஏழாவது ஆட்டத்தில் கவாய் 22 முறை எறிந்து 6 மட்டுமே உள்ளே போட்டார். அந்த ஆண்டுக் கோப்பை லேக்கர்ஸுக்கு. கவாய் போன பிறகும் டொராண்டோ அந்தப் பருவத்தில் 53 வென்று 19 மட்டுமே தோற்றது, பாஸ்டனிடம் ஏழு ஆட்டத்தில்தான் விழுந்தது. அவரும் இருந்திருந்தால் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்பதில் தவறே இல்லை. 2021-ல் யூட்டாவுக்கு எதிரான தொடரில் கவாயின் முழங்கால் தசைநார் கிழிந்தது. கிளிப்பர்ஸ் முதன்முறையாக மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனபோது அவர் உட்கார்ந்துதான் பார்த்தார். அடுத்த பருவம் முழுக்க ஆடவில்லை.

காயத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. டொராண்டோவில் இருந்திருந்தால் கிழிந்திருக்காது என்று சொல்லவும் என்னிடம் ஆதாரமில்லை. தொற்றுக் காலத்தில் 2020-21 பருவம் முழுக்க ராப்டர்ஸ் சொந்த ஊரைவிட்டு ஃபுளோரிடாவின் டாம்பாவில் ஆட வேண்டிவரும் என்பதும் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு மனிதன் நினைப்பதை எந்தக் கணக்காலும் தவறென்று நிறுவ முடியாது. என் ஆட்சேபம் அவசரத்தின் மீதுதான்.

கவாய் கடைசியில் கையெழுத்திட்டது மூன்று ஆண்டு, சுமார் 10.3 கோடி டாலர், மூன்றாம் ஆண்டு தொடர்வதா என்பது அவர் கையில். அதாவது 2021-ல் விடுதலை. ஜார்ஜின் ஒப்பந்தமும் அதே 2021-ல் அவர் விரும்பினால் விலகலாம் என்ற வகைதான். அதே இரண்டு ஆண்டை டொராண்டோவில், தன் உடம்பைத் தெரிந்த குழுவோடு, கோப்பையைக் காக்கும் அணியோடு கழித்திருக்கலாம். 2021-ல் இருவருமே ஃப்ரீ ஏஜென்டாகி, 35 சதவீதச் சம்பளத்தோடு, கிளிப்பர்ஸுக்கு ஒரு தேர்வுரிமைகூடச் செலவு வைக்காமல் ஊர் திரும்பியிருக்கலாம். கில்ஜஸ் அலெக்சாண்டர் அப்போதும் சின்னச் சம்பளத்தில் அங்கேயே இருந்திருப்பார். சரி, ஜார்ஜ் மனம் மாறியிருக்கலாம், கிளிப்பர்ஸ் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். அந்த ஆபத்து உண்டு. ஆனால் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் அது சின்ன ஆபத்து.

அந்த விலை என்ன ஆனது என்று பாருங்கள். டொராண்டோவில் பிறந்த கில்ஜஸ் அலெக்சாண்டர் 2025-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்று, ஓக்லஹோமா சிட்டிக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். இந்தியானாவுக்கு எதிரான அந்த இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்த ஜேலன் வில்லியம்ஸ், கிளிப்பர்ஸ் கொடுத்த 2022 தேர்வுரிமையில் எடுக்கப்பட்டவர். பால் ஜார்ஜ் 2024-ல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். அவருக்கு ஈடாகக் கிளிப்பர்ஸுக்கு ஒன்றும் திரும்ப வரவில்லை. கொடுத்த முதல் சுற்றுத் தேர்வுரிமைகளில் கடைசியானது 2026-க்கு உரியது.