அம்மாவின் தாடையில் வைத்த எலும்புத்தூள், ஆறு மாதம் கழித்து

தை மாதம் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. சீழ் பிடித்து அடியில் எலும்பு கரைந்திருக்கிறது, அப்படியே விட்டால் பின்னால் செயற்கைப் பல் கட்டத் தாடையில் பதிக்கும் இம்ப்ளான்ட் திருகுக்குப் பிடிமானம் இருக்காது, பள்ளத்தில் எலும்புத்தூள் வைத்துத் தைத்துவிடலாம் என்றார் கும்பகோணத்தில் நாங்கள் பார்த்த பல் மருத்துவர். மருத்துவமனையின் பெயர் வேண்டாம், நான் எழுத வந்தது தூளைப் பற்றி.

அம்மா நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் இந்தத் தூள் எதிலிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றியது. உதவிக்கு நின்ற பெண் "மாட்டெலும்பு சார்" என்றார். அம்மா பிறந்ததிலிருந்து சைவம். எழுந்து உட்கார்ந்து "தம்பி, வீட்டுக்குப் போவோம்ப்பா" என்றார்கள். அந்தத் தூளில் மருத்துவக் குறை எதுவும் இல்லை, மாட்டெலும்பைப் பக்குவப்படுத்திப் புரதத்தை நீக்கியபின் மிஞ்சும் தாதுதான் அது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? கையெழுத்து வாங்கிய தாளிலும் 'எலும்பு மாற்றுப் பொருள்' என்று மட்டும்தான் இருந்தது. இன்றைக்கும் எனக்கு அதில் கோபம் உண்டு.

மருத்துவர் வந்து பொறுமையாகப் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். விலங்குப் பொருள் சேராத, பயோகிளாஸ் என்ற கண்ணாடி வகைத் தூள் இருக்கிறது என்று வரவழைத்து இரண்டு நாள் கழித்துப் பல்லைப் பிடுங்கி வைத்தார். அரை கிராம் குப்பி 4,800 ரூபாய். மூன்று நாள் வீக்கம், முதல் வாரம் உப்புக்கல் மாதிரி இரண்டு மூன்று துணுக்குகள் வாயில் வந்து பயமுறுத்தின, பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். போன வாரம் ஸ்கேன் எடுத்தபோது கறுப்பாகக் கிடந்த பள்ளம் வெள்ளையாக நிரம்பியிருந்தது. தூளைப் பற்றி எனக்கு முழுத் திருப்தி.

1969-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த கண்ணாடி வகை இது. அவருடைய கலவையில் எடைக்கு 45 விழுக்காடு சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்), மீதி கால்சியம், சோடியம், பாஸ்பரஸ் ஆக்சைடுகள். உடல் நீர் பட்டதும் சோடியமும் கால்சியமும் கசிந்து வெளியேற, மேலே சிலிக்கா கூழ் மாதிரிப் படர்ந்து, அதன்மேல் நம் எலும்பில் இருக்கும் அதே வகைக் கால்சியம் பாஸ்பேட் படிகிறது. எலும்புச் செல்கள் அதைத் தங்கள் இடமாக எண்ணி ஒட்டிக்கொள்ள, கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எலும்புக்கு வழிவிடுகிறது.

அந்தச் சிலிக்காவைப் படித்ததும் எங்கள் ஊர் ரைஸ் மில்லின் பின்பக்கம்தான் கண்ணில் வந்தது. 60 கிலோ மூட்டை நெல்லில் சுமார் 12 கிலோ உமி, அதை எரித்தால் இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல், அதில் இரண்டு கிலோவுக்கு மேல் சிலிக்கா! அம்மாவுக்கு வைத்த குப்பியில் கால் கிராம் சிலிக்காகூட இருந்திருக்காது. நெற்பயிர் வேர் வழியாக ஆற்று நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் உறிஞ்சி உமியில் சேர்த்து வைப்பதை நாம் மலை மலையாகக் குவித்து, காற்றில் பறக்கவிட்டு, தெருக்காரர்களோடு சண்டை போடுகிறோம். ஆய்வகங்களில் இந்த உமியை அமிலத்தில் கழுவி, 600, 700 டிகிரிக்குள் எரித்து வெள்ளைச் சிலிக்கா எடுத்துப் பயோகிளாஸ் செய்து பார்த்திருக்கிறார்கள், கால்சியத்துக்கு முட்டை ஓட்டைச் சேர்த்தவர்களும் உண்டு. சூடு மிஞ்சினால் சிலிக்கா படிகமாகிவிடும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் மில் பாய்லர் சாம்பலை அப்படியே எடுக்க முடியாது. தயவு செய்து யாரும் புண்ணில் சாம்பல் வைத்துப் பார்க்காதீர்கள்.

எங்களுக்கு வைத்தது உமியிலிருந்து வந்ததல்ல, குப்பியில் 'செயற்கை' என்றுதான் போட்டிருந்தது. தஞ்சாவூரில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மில்கள் கூப்பிடு தூரத்தில். இங்கேயே ஒரு குப்பி தயாராகி, சோதனையெல்லாம் தாண்டி, விலை பாதியாகி வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். இதை அம்மாவிடம் சொன்னபோது, "எங்கம்மா உமிக்கரியிலதானே பல்லு விளக்குவாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் படத்தை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார்கள்.

தூள் வைக்கப் போகிறவர்கள் மாடா, பன்றியா, மனித எலும்பா, செயற்கையா என்று முதல் நாளே கேளுங்கள், குப்பி விலையையும் தனியாகக் கேளுங்கள், எங்களுக்கு அது பில்லில்தான் தெரிந்தது. அடுத்த வாரம் திருகு வைக்கிறார்கள். இந்த முறை என்ன பொருள், என்ன விலை என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் முன்பணம் கட்டினேன்.