தட்டை பிளேட்டா, கான்வெக்ஸா? பழைய இலியோஸ்டமியில் தோல் எரியும்போது எதை மாற்றுவது

இலியோஸ்டமி (சிறுகுடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே எடுத்து, மலத்தைப் பையில் சேர்க்கும் அமைப்பு) வைத்துப் பல வருடம் ஆன ஒருவருக்குத் திடீரென்று தோல் எரிய ஆரம்பித்தால், முதலில் கிரீம் வாங்குவார். அது பலிக்காவிட்டால் பையின் கம்பெனியை மாற்றுவார். இரண்டையும் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஸ்டோமாவின் (வயிற்றுக்கு வெளியே தெரியும் குடல் வாயின்) இன்றைய அளவையும் அதைச் சுற்றியுள்ள வயிற்றின் வடிவத்தையும் பாருங்கள் என்பேன்.

சிறுகுடலிலிருந்து வருவது திரவமாக இருக்கும், அதில் செரிமான நொதிகளும் கலந்திருக்கும். அது தோலில் தங்கினால் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். 1952-ல் பர்மிங்காமின் அறுவை மருத்துவர் பிரையன் புரூக், குடலின் நுனியை வெளிப்பக்கமாக மடித்துத் தைக்கும் முறையை எழுதினார். வருவது தோலில் படாமல் நேராகப் பைக்குள் விழவேண்டும் என்பதற்காகவே இன்றும் ஸ்டோமாவை 2 முதல் 3 செ.மீ. வரை நீட்டி வைக்கிறார்கள். எடை கூடினாலோ குறைந்தாலோ, கர்ப்பத்திலோ, பக்கத்தில் குடலிறக்கம் வந்தாலோ அந்த நீட்டம் உள்ளே போகும், அல்லது வட்டம் நீள்வட்டமாகும். தோலில் ஒட்டிப் பையைத் தாங்கும் பிளேட்டில் மட்டும் பழைய ஓட்டையே தொடரும்.

அறுவைக்குப் பின் முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். அப்போது அளந்த அட்டையையே வருடக்கணக்கில் வைத்து வெட்டுபவர்கள் நிறையப் பேர். ஓட்டை ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மி.மீ. மட்டும் பெரிதாக இருந்தால் போதும். அளவு மாறிக்கொண்டிருக்கும்போது கடையிலேயே ஓட்டை போட்டு வரும் பிளேட் வேண்டாம், நாமே வெட்டும் வகைதான் சரி. நீள்வட்ட ஸ்டோமாவுக்கும் அதுவே.

அளந்து வெட்டிய பிறகும் கசிந்தால், கழற்றிய பிளேட்டைத் தூக்கி எறியாமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் கரைந்து வெளுத்திருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் திரவம் உள்ளே புகுந்திருக்கிறது. பிறகு கண்ணாடி முன் உட்கார்ந்து பாருங்கள். படுத்திருக்கும்போது சமமாகத் தெரிந்த வயிற்றில், உட்கார்ந்தால் மடிப்பு விழும்.

தட்டையா கான்வெக்ஸா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. கான்வெக்ஸ் பிளேட்டின் நடுப்பகுதி மேடாக இருந்து சுற்றியுள்ள தோலை அழுத்தும், ஸ்டோமா சற்று வெளியே தள்ளப்படும். தோல் மட்டத்துக்கு இறங்கிவிட்ட ஸ்டோமாவுக்கும், மென்மையான வயிற்றில் பள்ளத்துக்குள் போன ஸ்டோமாவுக்கும் இதற்கு ஈடு வேறில்லை. பெல்ட்டும் போட்டால் பிடிப்பு கூடும். ஆனால் எல்லாக் கசிவுக்கும் கான்வெக்ஸ் என்று கடைக்காரர் எடுத்துத் தருவதை அப்படியே வாங்கிவிடக் கூடாது. குடலிறக்கத்தால் ஸ்டோமாவைச் சுற்றி மேடு தட்டியிருந்தால், கெட்டியான கான்வெக்ஸ் அந்த மேட்டை அழுத்திப் புண்ணாக்கும். அங்கே வளைந்து கொடுக்கும் தட்டை பிளேட்தான் நல்லது. கல்லீரல் நோயால் ஸ்டோமாவைச் சுற்றி ரத்த நாளங்கள் புடைத்திருப்பவர்களுக்கு அழுத்தமே ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். ஆகவே என் வரிசை: முதலில் தட்டை பிளேட்டும், ஸ்டோமாவைச் சுற்றி வைத்து இடைவெளியை அடைக்கும் ரிங்கும், போதாவிட்டால் மென்மையான கான்வெக்ஸ், கெட்டியானது கடைசியில், அதுவும் ஸ்டோமா நர்ஸ் பார்த்த பிறகு.

பேஸ்ட்டா ரிங்கா என்றால், இலியோஸ்டமிக்கு நான் ரிங் பக்கம். பேஸ்ட்டின் வேலை இடைவெளியை அடைப்பது. பிடிப்புக்காக அள்ளிப் பூசினால் பிளேட் வழுக்கத்தான் செய்யும். பல பேஸ்ட்டுகளில் ஆல்கஹால் இருப்பதால் புண்ணான தோலில் சுரீரென்று எரியும், திரவ மலத்தில் சீக்கிரம் கரையவும் செய்யும். ரிங்கை இழுத்து ஸ்டோமாவின் வடிவத்துக்கே வளைக்கலாம். விலை உறுத்தினால், பிளேட் கரைந்திருந்த பக்கத்துக்கு மட்டும் பாதி ரிங்கை வெட்டி வையுங்கள். நூல் போன்ற சின்ன மடிப்பு என்றால் பேஸ்ட் போதும்.

பையும் பிளேட்டும் ஒன்றாக வருவது மெல்லியது, மேடான வயிற்றில் நன்றாகப் படியும். தனித்தனியாக வருவதில், பிளேட்டைக் கழற்றாமலே பையை மாற்றலாம், தோலை அடிக்கடி உரிக்க வேண்டியதில்லை. தோலைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இவ்வளவுதான்.

சரி, ஏற்கெனவே எரிகிற தோலுக்கு? ஈரம் கசியும் இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, மேலே ஆல்கஹால் இல்லாத பாதுகாப்புத் திரவத்தை ஒற்றவேண்டும். காய்ந்ததும் பிளேட் ஒட்டலாம். நல்ல தோலில் பவுடர் தூவினால் ஒட்டாது. வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடு சொல்லும் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் இங்கே உதவாது. எண்ணெய் பட்ட தோலில் பிளேட் நிற்காது, நிற்காவிட்டால் மறுபடி கசிவுதான். குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான்களும் பிசுக்கை விட்டுப்போகும். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

எல்லாச் சிவப்பும் கசிவால் வருவதில்லை. அரிப்போடு சுற்றிலும் சின்னப் புள்ளிகள் சிதறியிருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். பிளேட்டின் வடிவத்திலேயே சிவந்திருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம், அப்போதுதான் கம்பெனியை மாற்றுவதில் அர்த்தம் உண்டு. மருத்துவர் ஸ்டீராய்டு எழுதினால், களிம்புக்குப் பதில் லோஷனாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். களிம்பின் பிசுக்கில் பிளேட் நிற்காது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதில் காசும் தோலும் மோதுகின்றன. பிளேட் விலை தெரிந்தவர்கள் ஒரு வாரம் இழுக்கப் பார்ப்பதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இலியோஸ்டமிக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4 நாள்தான் கணக்கு. சித்திரை வெயிலில் வியர்வையால் பிளேட் இன்னும் சீக்கிரம் இளகும். விளிம்பு கிளம்பியதும் மேலே டேப் ஒட்டி ஓட்டினால், திரவம் உள்ளேயே தேங்கித் தோலைத் தின்னும். எரிச்சல் வந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே கழற்றிவிடுங்கள். காலையில் சாப்பிடும் முன் மாற்றினால் ஸ்டோமா அதிகம் ஓடாது, நிதானமாக ஒட்டலாம்.

ஊதா நிற விளிம்போடு, தொட முடியாத வலியோடு புண் வேகமாகப் பெரிதானால் பிளேட் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் நோய் உள்ளவர்களுக்கு பயோடெர்மா கேங்கிரினோசம் என்ற தோல் நோய் வரலாம். அதற்கு மருந்துதான் வேண்டும், தாமதமில்லாமல்.