சவுசவு: படகில் பிஜிக்கு வருகிறவர்கள் முதலில் தொட வேண்டிய துறை

சொந்தப் பாய்மரப் படகில் வருகிறோம் என்பதற்காக பிஜியில் நினைத்த இடத்தில் நங்கூரம் போட்டுவிட முடியாது. சுவா, லாவ்டோகா, லெவுகா, சவுசவு என்று அறிவிக்கப்பட்ட சில துறைமுகங்களில்தான் நுழைவு அனுமதி கிடைக்கும். கிழக்கே உள்ள டோங்காவிலிருந்து வருகிறவர்களுக்கு என் சிபாரிசு, வனுவா லெவு தீவின் சவுசவு. பயணப் பருவம் முழுவதும் இங்கே தென்கிழக்குக் காற்றின் ஆட்சிதான். மேற்கே லாவ்டோகாவரை போய்விட்டால், பிஜியின் கிழக்குக் கோடியிலுள்ள லாவ் தீவுகளைப் பார்ப்பதற்கு அத்தனை தூரமும் எதிர்காற்றில் மல்லுக்கட்டித் திரும்ப வேண்டும். சவுசவுவிலிருந்தும் எதிர்காற்றுதான் என்றாலும் தூரம் வெகுவாகக் குறைகிறது. வரும் வழியிலேயே லாவ் தீவுகள் கண்ணில் படும். ஆனால் நுழைவு அனுமதி பெறாமல் அங்கே ஒதுங்கக் கூடாது. அந்த விதியை யார் வகுத்தார்களோ, அவர்கள் பாய்மரம் பிடித்தவர்களாக இருக்க முடியாது.

பழைய கொப்பரைக் கிடங்கில் இயங்கும் கொப்ரா ஷெட் மரீனாவின் சேவை எனக்கு முழுத் திருப்தி. வருகை அறிவிப்புப் படிவத்தை 48 மணி நேரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, நெருங்கியதும் விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டால் போதும். வளைகுடா ஆழமானது என்பதால் நங்கூரத்தை நம்புவதைவிட, நகரத்துக்கும் நாவி தீவுக்கும் இடையிலுள்ள ஓடையில் மிதவையில் கட்டிக்கொள்வதே நல்லது. சுகாதாரம், உயிரிப் பாதுகாப்பு, சுங்கம், குடிவரவு ஆகிய துறைகளின் அதிகாரிகளைப் படகுக்கே அழைத்து வந்துவிடுகிறார்கள். அவர்கள் சோதித்து முடிக்கும்வரை, இன்னும் அனுமதி பெறாத படகு என்பதற்கு அடையாளமான மஞ்சள் கொடி பறக்க வேண்டும், யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. பழம், காய்கறி, தேன், இறைச்சி எல்லாம் பறிபோகும் என்பதால் கடலிலேயே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். வார இறுதியில் வந்தால் அதிகாரிகளுக்குக் கூடுதல் நேரக் கட்டணம் தண்டம்; புறப்படும்போதே கிழமை பார்த்துக் கிளம்புங்கள்.

கரையோரக் கற்களுக்கு இடையே வெந்நீர் ஊற்றின் ஆவி எழுகிறது. ஊர்க்காரர்கள் சட்டியைத் துணியால் மூடி அதிலேயே கிழங்கு வேகவைக்கிறார்கள். சந்தையில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் கண்டதும் என் சமையலறைக்கு உயிர் வந்தது. குறை என்று சொன்னால், எரிவாயு சிலிண்டர் நிரப்பக் கொடுத்த கடை ஒன்று நாளை, நாளை என்று இழுத்தடித்தது. வந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

இனி உள்தீவுகள். மின்னணு வரைபடத்தை மட்டும் நம்பிப் பவளப்பாறைகளுக்கிடையே நுழையாதீர்கள். சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்போது, போலராய்டு கண்ணாடியுடன் ஒருவர் படகின் முன்முனையான அணியத்தில் நிற்க வேண்டும். நீரின் பழுப்பு நிறம் பாறையைக் காட்டிக்கொடுத்துவிடும். 180 பாகைத் தீர்க்கரேகை இந்த நாட்டின் குறுக்கே ஓடுவதால், இலக்குப் புள்ளிகளைப் பதியும்போது கிழக்கா மேற்கா என்று இரண்டு முறை பாருங்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் பருவம். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் இதே சவுசவுவில் படகுகளைக் கரையில் தூக்கி எறிந்தது. படகை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் விட்டி லெவு தீவின் மேற்குக் கரையிலுள்ள வுடா மரீனாவைப் பார்க்கலாம். அங்கே படகின் அடிக்கட்டையை (கீல்) தரையில் தோண்டிய குழிக்குள் இறக்கி நிறுத்துகிறார்கள்.

கிளம்புமுன் சந்தையில், கிராமத் தலைவர்களுக்குக் காணிக்கையாகக் கொடுக்க, கவா பானம் தயாரிக்கும் யங்கோனா வேர் வாங்கிக்கொள்ளுங்கள். பொடி வேண்டாம், முழு வேராக, அரைக் கிலோ வீதம் தனித்தனிக் கட்டாக, போகும் கிராமத்துக்கு ஒன்று. நங்கூரமிட்டதும் நீந்தவோ மீன் பிடிக்கவோ இறங்காமல், தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மறைய உடுத்தி, ஊர்த் தலையாரியைத் தேடிப் போக வேண்டும். அவர் தலைவரிடம் அழைத்துச் செல்வார். வேர்க்கட்டைக் கையில் திணிக்காமல் எதிரே தரையில் வையுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் அந்த ஊரின் கடலில் நீங்கள் விருந்தாளி. வெளித்தீவுகளில் இந்த வேர் கிடைக்காமல் போகலாம் என்பதால் இரண்டு கட்டு கூடுதலாகவே வாங்கி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.