கவுனா, வெள்ளைப் பட்டா?

சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளை என்பதில் சண்டையில்லை. கவுனா புடவையா என்பதில்தான் வீடே இரண்டாகிறது. 1840-ல் விக்டோரியா மகாராணி வெள்ளை உடுப்பில் மணமுடித்த பிறகு பரவிய பழக்கம் இது. நம் ஊரில் அதைப் பட்டில் நெய்துகொண்டார்கள்.

கவுன் போட்டோவுக்கு அழகுதான். ஆனால் மே மாதத்தில் கவுனை விரித்துக் காட்டும் கேன்கேன் உள்பாவாடை, உள்துணி, தரையில் இழுபடும் வால் எல்லாம் சேர்ந்தால் பிரசங்கம் முடிவதற்குள் முதுகு நனைந்துவிடும். காரில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். அப்புறம் அது பீரோவின் மேல்தட்டுக்குத்தான். கவுன்தான் என்றால் வாடகைக்கே எடுங்கள்.

காஞ்சிபுரம் பட்டும் லேசில்லை, சரி. ஆனால் உடம்பு கூடினாலும் குறைந்தாலும் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தால் போதும். ஒன்று, கடை விளக்கை நம்பாதீர்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். உள்ளே பால் வெள்ளையாக இருந்தது வெயிலில் சந்தன நிறமாகத் தெரியும். தலையில் வைக்கும் நெட் தூய வெள்ளையாக இருந்தால், பக்கத்தில் புடவை பழசு போலத் தோன்றும்.

பூச்செண்டும் இதைப் பொறுத்ததே. கீழே வழியும் நீளமான செண்டு கவுனுக்கு எடுப்பாக இருக்கும். புடவையில் அது கொசுவத்தையும் ஜரிகையையும் மறைத்துவிடும். கைக்கடக்கமாக, உருண்டையாகக் கட்டிய ஓசூர் ரோஜா போதும். லில்லிதான் வேண்டுமென்றால் நடுவிலிருக்கும் மகரந்தத்தை முன்பே கிள்ளிவிடச் சொல்லுங்கள். அந்தப் பொடி பட்டில் பட்டால் லேசில் போகாது.

என் ஓட்டு புடவைக்கு. கவுன் ஆசையை மாலை ரிசப்ஷனில், ஏசி மண்டபத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.