நெஞ்சு இறுக்கினால்: ஜெலுசிலா, பக்கத்து ஆஸ்பத்திரியா, நேரா ஜிப்மரா?

கடலூரில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் வீட்டுக்குள் மூன்று கட்சி சேர்ந்துவிடும். "வாயுதான், ஓமத் தண்ணி குடிங்க" என்பது முதல் கட்சி. "பக்கத்துல ஒரு ஈசிஜி எடுத்துடலாம்" என்பது இரண்டாவது. "காரை எடு, நேரா ஜிப்மர்" என்று புதுச்சேரியிலுள்ள மத்திய அரசு மருத்துவமனையைச் சொல்வது மூன்றாவது.

முதல் கட்சி சில சமயம் ஜெயிக்கும், அதுதான் ஆபத்து. சாப்பிட்டுப் படுத்ததும் எரிச்சல், புளித்த ஏப்பம் என்றால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு. விரலால் அழுத்தும் இடத்தில் மட்டும் வலித்தால் தசைப்பிடிப்பாக இருக்கலாம். இதய வலிக்காரர் விரலை வைத்துக் காட்டமாட்டார். உள்ளங்கையை நடு நெஞ்சில் வைத்து "பாரமா இருக்கு, இறுக்குது" என்பார். அது இடது கை, தாடை, முதுகு என்று பரவும், சட்டை நனையுமளவு வியர்க்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலோ மேல் வயிற்றுக் குமட்டலோ மட்டும் வரலாம். ஜெலுசில் குடித்து அடங்கியதாலேயே இதயக் கோளாறு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

ஏற்கெனவே ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு, மாடி ஏறும்போது வந்து, நின்றால் சில நிமிடத்தில் போகும் வலி பழக்கப்பட்டதாக இருக்கும். ரத்தக்குழாயை விரிக்க டாக்டர் கொடுத்த சார்பிட்ரேட் மாத்திரையை உட்கார்ந்துகொண்டு நாக்கின் அடியில் வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். வயாக்ரா வகை மாத்திரை போட்டவர் இதைத் தொடவே கூடாது. 5 நிமிடத்தில் குறையாவிட்டாலோ, சும்மா இருக்கும்போதே வந்தாலோ 108தான்.

அடுத்தது, பக்கமா தூரமா. ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி, மரப்பாலத்தில் ஒரு நெரிசல், இந்திரா காந்தி சிலையருகே இன்னொன்று என்று பாண்டியையே கடந்தாக வேண்டும். வழியில் இதயம் நின்றுபோனால், ஸ்டியரிங் பிடித்திருக்கும் மகன் என்ன செய்வான்?

ஆனாலும் மூன்றாவது கட்சி சொல்வதில் நியாயம் உண்டு. இதய ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால் சிறந்தது உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பைத் திறப்பது. ஈசிஜியில் தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அது கிடைக்குமென்றால் அங்கேதான் போக வேண்டும். கிடைக்காதென்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு அனுப்புவார்கள். அந்த ஊசி முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும், 12 மணி நேரம் தாண்டினால் பலன் மிகக் குறைவு. இந்தக் கணக்கைப் போட கையில் ஒரு ஈசிஜி வேண்டுமே! அதனால் என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை பக்கத்தில் இருப்பவர் அங்கே போகலாம். கிராமம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டப்படி, ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் சேர்ந்த 14 மாத்திரைகளை முதலுதவியாகக் கொடுக்கிறார்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தும் வலி நிற்கவில்லையா? வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். மறு ஈசிஜியும், இதயத் தசை பாதித்ததா என்று காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகுதான் நிம்மதி.

அடைப்பைத் திறந்த இடத்தில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்து வந்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, பல் பிடுங்கப் போனாலும் சரி. பீடி, சிகரெட் அடியோடு வேண்டாம். கருவாடு பிரியர்களுக்கு வருத்தமான செய்தி: ஒரு நாள் உப்பு மொத்தமே 5 கிராமுக்குள். நடைக்குத் தேவனாம்பட்டினம் மணலைவிடப் பாண்டி கடற்கரைச் சாலையே தொடக்கத்தில் நல்லது. மணலில் அதே தூரத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். சாலையோ சமதளம், மாலையில் வண்டியும் விடமாட்டார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சு இறுக்கினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள், சார்பிட்ரேட் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.