மாதம் 5,000 ரூபாய், குரு நம் பொறுப்பு: இளம் கலைஞர் உதவித்தொகை வாங்கலாமா?

மத்தியக் கலாசார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்குத் தரும் உதவித்தொகையைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது காசு எவ்வளவு என்றுதான். மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம், ஆக 1,20,000. மாதாமாதம் வராது. ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக 30,000 வீதம் நான்கு முறை வரும். வயது 18 முதல் 25 வரை. நாடு முழுவதற்கும் சேர்த்து ஓர் ஆண்டுக்கு அதிகபட்சம் 400 பேர். டெல்லி துவாரகாவில் இருக்கும் பண்பாட்டு வளம் மற்றும் பயிற்சி மையம், வழக்கில் சொன்னால் சி.சி.ஆர்.டி., இதை நடத்துகிறது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல குருவிடம் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கிறவருக்கு இது உருப்படியான உதவி. குரு யாராவது கிடைப்பாரா என்று தேடுகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை. விண்ணப்பிக்கும்போதே குறைந்தது ஐந்து வருடப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும், அதற்குக் குருவின் சான்றும் வேண்டும். மூத்த கலைஞரையும் இளையவரையும் கோத்துவிடும் வேலையைத் திட்டம் செய்வதே இல்லை. அந்தக் கண்ணியை நீங்கள் கொண்டுவர வேண்டும். அதற்கு அவர்கள் எண்ணெய் ஊற்றுவார்கள், அவ்வளவுதான்.

விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது: தினமும் குறைந்தது மூன்று மணி நேரச் சாதகம் (பயிற்சி), அதுபோகக் கலையின் கோட்பாட்டுப் படிப்பு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு யாரும் வீட்டுக்கு வந்து எண்ணப்போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் அனுப்பும் அறிக்கையும் அதில் குரு போடும் கையெழுத்தும்தான் கண்காணிப்பு. இதை ஓட்டை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்பார்கள், அது வேறு விஷயம்.

அதிகம் சொதப்புவது காலக் கணக்கு. வடமாவட்டங்களில் கூத்து வாத்தியாருக்குப் பங்குனி பிறந்தால் வேலை தொடங்கிவிடும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து வைத்தால் தொடர்ச்சியாகப் பல இரவுகள் அங்கேயே போய்விடும். விடிய விடிய ஆடிவிட்டு வருகிறவர் பகலில் பாடம் சொல்லித்தர மாட்டார், தூங்குவார். ஆவணி தாண்டிய பிறகுதான் உட்கார்ந்து அடவும் விருத்தமும் சொல்லித்தர நேரம் கிடைக்கும். கர்நாடக இசையில் கதை வேறு மாதிரி. டிசம்பர், ஜனவரி மார்கழிக் கச்சேரிக்குப் போய்விடும். மார்ச், ஏப்ரலில் கிளீவ்லண்ட் நகரில் நடக்கும் தியாகராஜ ஆராதனை இசை விழாவைச் சாக்கிட்டு அமெரிக்கா கிளம்பினால் சிலர் திரும்பி வர ஜூன் ஆகிவிடும். மொத்தம் 24 மாதம் என்று காகிதத்தில் இருப்பது நேரில் 14, 15 மாதமாகச் சுருங்குவது இப்படித்தான்.

இதற்கு வழி உண்டு. விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னாலேயே குருவிடம் உட்கார்ந்து, எந்தெந்த மாதம் நேர்ப்பாடம், எந்தெந்த மாதம் கூடவே போய்ப் பார்ப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீசன் மாதங்களைப் பாடமில்லாத மாதம் என்று நினைக்க வேண்டியதில்லை. கூத்து ஜமாவோடு (குழுவோடு) போய் முதல் நாலு இரவு பின்பாட்டு, அப்புறம் சின்ன வேஷம், கடைசியில் கட்டியங்காரனுக்கு (கதையை நடத்திச் செல்லும் கோமாளிக்கு) பக்கத்தில் நின்று பதில் சொல்வது என்று ஏற்றிக்கொண்டே போகலாம். கச்சேரிப் பாடகரோடு தம்புரா போட உட்கார்ந்தாலே, பக்கவாத்தியத்துக்கு எங்கே இடம் விடுகிறார், நேரம் குறைந்தால் எதை வெட்டுகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். வகுப்பறையில் இது கிடைக்காது.

அறிக்கை எழுதுவதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வருவது இந்த மாதிரி: 'இந்த ஆறு மாதத்தில் 12 கீர்த்தனைகள், 2 வர்ணங்கள் கற்றேன். குரு மிகவும் அன்பாகக் கற்றுத்தந்தார்.' படிக்கிறவருக்கு இதில் பயிற்சி எங்கே நடந்தது என்று தெரியாது. நல்ல அறிக்கை இப்படி இருக்கும் (நிரவல் என்பது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது, திரிகாலம் என்பது பல்லவியை மூன்று வேகத்தில் பாடுவது): 'தோடியில் மேல் ஸ்தாயிக்குப் போகாமல் காந்தாரத்தைச் சுற்றியே எட்டு நிமிடம் ஆலாபனை செய்யப் பழகினேன். மிஸ்ர சாபில் நிரவல் செய்யும்போது வார்த்தை பிளந்துபோகும் சிக்கல் இருந்தது. சாகித்யத்தைத் தாளம் போட்டுச் சொல்லிப் பார்த்துச் சரிசெய்தோம். ராகம் தானம் பல்லவியில் திரிகாலம் இன்னும் கைவரவில்லை, அடுத்த ஆறு மாதத்துக்கு அது.' எது வரவில்லை என்று எழுதுவதால் தவணை நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். முன்னேற்ற அறிக்கை என்றால் எங்கே இருந்து எங்கே வந்தோம் என்று காட்டுவதுதான். வாரம் ஒரு பக்கம் நோட்டில் குறித்து வைத்தால் ஆறாவது மாதம் ஒரே மாலையில் அறிக்கை முடிந்துவிடும். ஐந்தாவது மாதம் ஞாபகப்படுத்தி எழுத உட்கார்ந்தால் மேலே சொன்ன அன்பான குருதான் வந்து நிற்பார்.

தேர்வில் குழுவின் முன் கிடைப்பது சில நிமிடங்கள். பெரிய உருப்படியை எடுத்து ஆலாபனையிலேயே மணி அடித்துவிட்டால் கீழ்க்கால நிரவலும் ஸ்வரமும் அவர்கள் காதுக்கே போகாது. இரண்டு நிமிடத்தில் ராகத்தின் முகம் தெரியும்படி ஒரு ஆலாபனை, ஒரு சிறிய உருப்படி, அதற்குள்ளேயே ஒரு குறைப்பு (ஸ்வரக் கணக்கைப் படிப்படியாகச் சுருக்குவது): இதைத் தயாராக வைத்திருங்கள். பரதம் என்றால் ஜதீஸ்வரத்தைவிட, அபிநயம் உள்ள ஒரு சரணத்தையும் கொஞ்சம் நிருத்தத்தையும் ஒட்டிவைத்த துண்டு எடுபடும். பக்கத்துக் கலையைப் பற்றியும் கேட்பார்கள். ஆடுகிறவருக்குத் தாளக் கணக்கும் சங்கீதமும் தெரியுமா என்பது நியாயமான கேள்வி. இந்த இடத்தில் திகைப்பவர்கள் அதிகம், அதுவும் நட்டுவாங்கத்தை (தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துவதை) எப்போதும் ஆசிரியரே பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இருந்து வருகிறவர்கள்.

இப்போது இதையே வேறொரு திட்டத்தோடு வைத்துப் பார்ப்போம். 1986இல் தொடங்கிய தஞ்சாவூர்த் தென்னகப் பண்பாட்டு மையம், நாட்டில் இருக்கும் ஏழு மண்டல மையங்களில் ஒன்று. இந்த மையங்களின் குரு-சிஷ்யத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500, பக்கவாத்தியக்காரருக்கு 3,750, சிஷ்யருக்கு 1,500. காலம் ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடம். சிஷ்யரின் கையில் விழுவது சி.சி.ஆர்.டி. தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடாகப் பார்த்தால் இதுதான் புத்திசாலித்தனமானது என்பது எங்கள் கட்சி. காரணம் அந்த 3,750.

கூத்தில் முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் இல்லாமல் ஆடிப் பழகிய பையன், மேடையில் முகவீணை சுருதி தூக்கியதும் குரல் கிழிந்து நிற்பான். போனில் ஓடும் பதிவுக்கு ஆடிப் பழகினால் பதிவு உங்களுக்காக நிற்காது, நீங்கள்தான் அதைத் துரத்த வேண்டும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து வாசித்தால், ஒரு தீர்மானம் (தாளக் கணக்கின் முடிப்பு) தவறினால் அவர் எடுத்துக் கொடுப்பார்; அடுத்த முறை வேண்டுமென்றே எடுத்துக் கொடுக்காமல் விட்டுப் பார்ப்பார். பக்கவாத்தியக்காரருக்குப் பயிற்சி நாளுக்கும் காசு உண்டு என்று எழுதிவைத்தவர் யாரோ, அவர் ஒத்திகையைப் பார்த்தவர். சி.சி.ஆர்.டி. தொகையில் இப்படி ஒரு பங்கு கிடையாது. குருதட்சணை, பக்கவாத்தியம், பஸ் காசு, மிருதங்கத்தின் வலந்தலைக்கு (வலப்பக்கத்துக்கு) மூட்டு மாற்றுவது, வீணைக்கு மேளம் கட்டுவது (மெழுகில் மெட்டுகளைப் பொருத்துவது) எல்லாம் அதே 5,000க்குள்தான். தவணை ஆறு மாதத்துக்கு ஒன்று என்பதால், அதை நம்பி மாதக் கட்டணத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வந்ததும் தனியாக எடுத்துவைத்து மாதம் பிரித்துச் செலவு செய்வதே நல்லது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கலைக்குழுக்களுக்கு அமைச்சகம் நேரடியாகத் தரும் குரு-சிஷ்ய மானியம். ரெபர்டரி மானியம் என்பார்கள். குருவுக்கு மாதம் 15,000, சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. இது தனி ஆளுக்கானது அல்ல, பதிவு செய்த அமைப்புக்கு. தணிக்கை செய்த கணக்கு, பயனீட்டுச் சான்று, நிகழ்ச்சி ஆதாரங்கள் என்று காகிதம் குவியும். கணக்கு எழுத ஓர் ஆள் இல்லாத ஜமா இதில் இறங்கினால் வாத்தியாரின் பாதி நேரம் ஆடிட்டர் வீட்டில் போகும்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. மூத்தவர்களுக்குத் தெரிந்ததில் பாதி, கலை அல்ல, தொழில். அது எந்தப் பாடத்திட்டத்திலும் வரவில்லை. முன்பணம் எவ்வளவு கேட்பது, வெளியூர் என்றால் தங்குமிடமும் வண்டியும் யார் பொறுப்பு, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் (இடப்பக்கத்துக்கும்) தனித்தனி மைக் வேண்டும் என்று எப்போது சொல்வது, சம்பளத்தில் டி.டி.எஸ். (வருமான வரி) பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குவது எல்லாம் அதில் அடக்கம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கும் உரிமை தருகிறது. உங்கள் கச்சேரியைப் பதிவுசெய்து யூடியூபில் போட உங்கள் சம்மதம் வேண்டும். அந்த உரிமை 50 வருடத்துக்கு இருக்கிறது. மேடை ஏறும் முன் நீட்டப்படும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அதை மொத்தமாக எழுதிக்கொடுத்துவிடும் இளையவர்கள் ஏராளம். குருவிடம் மாதம் ஒரு மணி நேரம் இதற்கென்றே கேட்டு வாங்குங்கள். பழைய ஒப்பந்தத் தாள் ஒன்றைக் காட்டச் சொன்னாலே பாதி விளங்கும்.

ஒளி, ஒலி, அரங்க நிர்வாகம், கண்காட்சி அமைப்பு, ஆவணக் காப்பு செய்கிறவர்களுக்கு இங்கே கதவு மிகக் குறுகல். சி.சி.ஆர்.டி.யின் நாடகப் பிரிவு நடிப்பு, இயக்கம் முதலானவற்றை ஏற்கிறது. நாடகம் எழுதுவதையும் ஆய்வையும் வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. ஒளியமைப்பாளர் அந்த 'முதலானவை'க்குள் நுழைந்துகொள்ளப் பார்க்கலாம்: ஒளித்திட்ட வரைபடம், க்யூ ஷீட் (எந்த ஒளி எப்போது மாறும் என்ற பட்டியல்), மேடைப் படங்கள் மூன்றையும் இணைத்து, இன்ன ஒளியமைப்பாளரிடம் இத்தனை நாடகங்களில் வேலை என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு. நிச்சயம் என்று சொல்ல முடியாது.

2002இல் ரோலக்ஸ் நிறுவனம் தொடங்கிய உலகளாவிய வழிகாட்டித் திட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த இறுக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2018-19இல் தபலா மேதை ஜாகிர் உசேனோடு அவர்கள் சேர்த்துவைத்தது இன்னொரு தபலாக்காரரை அல்ல, மார்கஸ் கில்மோர் என்ற அமெரிக்க ஜாஸ் டிரம்மரை. நம் ஊரில் ஒரு மிருதங்கக்காரர் ஒலிப்பதிவுப் பொறியாளரிடம் இரண்டு வருடம் கற்க ஆசைப்பட்டால் எந்தப் பெட்டியில் டிக் போடுவார்? அதே துறையில் ஐந்து வருடம் என்ற நிபந்தனையே அவரைத் தள்ளிவிடும். (ரோலக்ஸுக்கு விண்ணப்பிக்க முடியாது, அவர்களாக அழைத்தால்தான் உண்டு. ஆகவே அதை நம்பி யாரும் இதை விட்டுவிட வேண்டாம்.)

சின்ன வயதில் சி.சி.ஆர்.டி.யின் திறன் தேடல் உதவித்தொகை வாங்கியவர்கள் கவனிக்க. அது வருடத்துக்கு 3,600 ரூபாயும், பயிற்சிக் கட்டணமாக 9,000 வரையும். 18 வயதானதும் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கலாம் என்று எண்ணாமல், பெரியது கிடைத்தவுடன் சிறியதை முறையாக எழுதிக்கொடுத்து முடித்துவிடுங்கள். நடுவில் குரு மாற வேண்டி வந்தால் முதலில் எழுதி அனுமதி வாங்குங்கள், பிறகு மாறுங்கள். குரு மூன்று மாதம் வெளிநாடு போகிறார் என்றால் அவருடைய மூத்த சிஷ்யர் ஒருவரிடம் வகுப்பு ஏற்பாடு செய்து, தேதிகளைக் குறித்து, திரும்பி வந்ததும் குருவிடமே அந்தப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி அறிக்கையோடு வையுங்கள்.